ஓடுற தண்ணிக்குத் தோஷம் இல்லையா?

பேளுக்குறிச்சி பழனியப்பர் கோயிலில் முருகன் வேடன் கோலத்தில், கையில் சேவலைப் பிடித்தபடி நிற்கிறார். அந்த ஊரைச் சுற்றிய கொல்லிமலை அடிவாரத்தில் கோழி வளர்க்காத வீடுகள் குறைவு. நாமக்கல் பண்ணைக் கோழி கூண்டுக்குள் நின்று நிப்பிளில் தண்ணீர் குடிக்கும். இங்குள்ள சிறுவிடைக் கோழியோ, விடிந்து பஞ்சாரத்தைத் தூக்கியதும் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய்விடும். அந்த ஓடைத் தண்ணீரைப் பற்றி ஊரில் புழங்கும் பேச்சுகளில் சிலவற்றில் பாதி உண்மை இருக்கிறது. சில, குஞ்சுகளின் உயிரை வாங்குகின்றன.

“ஓடுற தண்ணிக்குத் தோஷம் இல்லை. கல்லுல பட்டுப் பட்டுச் சுத்தமாயிடும்.”

பாறையில் விழுந்து ஓடும் நீரில் காற்று கலக்கும், நாற்றம் குறையும், மண் அடியில் படியும். நோய்க்கிருமி அதனால் செத்துவிடாது. மேலே ஓரிடத்தில் கலந்த சாணமும் மலமும் கீழே வந்து சேர அதிக நேரம் பிடிக்காது. தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்பதைவிட, அது எதைக் கழுவிக்கொண்டு வருகிறது என்பதுதான் முக்கியம். ஊற்றிலிருந்து நேராக, ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுக்குள்ளிருந்து இறங்கும் நீர் என்றால் பயம் குறைவு. மேலே மாடு குளிப்பாட்டும் துறை இருந்தாலோ, காப்பிப் பழம் கழுவும் தொட்டி இருந்தாலோ, மிளகுக்கொடிக்கு அடித்த போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லி முதல் மழையில் வழிந்து வந்தாலோ கதை வேறு. மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கிவிட்டால் சேகோ என்னும் ஜவ்வரிசி ஆலைக் கழிவையும் கணக்கில் எடுக்க வேண்டும். மரவள்ளியிலிருந்து வெளியேறும் சயனைடு அந்தக் கழிவுநீரில் உண்டு, புளிப்பும் உண்டு. ஒருநாள் ஓடையோரமாக மேலே நடந்து பார்த்துவிட்டு வந்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதில் பலர் கவனிக்காத இடம் ஓடையின் விளிம்பு. கோழி நடு ஓட்டத்தில் இறங்கிக் குடிப்பதில்லை. மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்தில் தேங்கிய நீரைத்தான் தேடும். அலகை முக்கி, தலையை அண்ணாந்து விழுங்கும். அடுத்த வாய்க்குக் குனிவதற்குள் அங்கேயே எச்சமிடும். அதே பள்ளத்தில் மறுநாள் குஞ்சுகள் குடிக்கும். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு எச்சத்தோடு வெளியே வரும்போதே தொற்றாது. ஈரமும் கதகதப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு முதிர்ந்துவிடும். ஓடைக்கரைச் சேற்றில் மூன்றுமே இருக்கின்றன. பிளீச்சிங் பவுடருக்கும் அது அசையாது. வளர்ந்த கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மூன்று வாரத்திலிருந்து எட்டு வாரம் வரையுள்ள குஞ்சுதான் இறகைச் சிலுப்பிக்கொண்டு ஒடுங்கி நின்று, ரத்தமாகக் கழிந்து சாகும்.

கரையில் இன்னொன்றும் நடக்கிறது. தட்டான்பூச்சியும் நீருக்குள் வாழும் அதன் இளம்பூச்சியும் கோழிக்குப் பிடித்த தீனி. சில தட்டான்களுக்குள் தட்டைப்புழுவின் இளம்பருவம் இருக்கும். நத்தையில் வளர்ந்து தட்டானுக்குள் புகுந்து கோழியின் கருமுட்டைக் குழாயில் போய்த் தங்கும் புழு அது. ஓடு இல்லாமல், தோல்முட்டையாக இடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றே எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரி. நீர்க்கரையில் மேயும் கோழி என்றால் கால்நடை மருத்துவரிடம் இந்தப் புழுவைப் பற்றியும் கேட்டுவிடுவது நல்லது.

“காட்டுக்கோழி ஓடையிலதானே குடிக்குது, அதுக்கு என்ன ஆச்சு?”

காட்டுக்கோழி இருபது முப்பதாகச் சேர்ந்து தினமும் ஒரே பள்ளத்தில் குடிப்பதில்லை. நோயில் விழுந்த காட்டுக்கோழியை நாம் பார்ப்பதும் இல்லை. நரியும் கீரியும் முந்திக்கொள்ளும்.

“வெள்ளைக்கழிச்சல் வர்றதே தண்ணி மாறினாத்தான்.”

இந்த நம்பிக்கைதான் அதிகக் கோழிகளைப் பலி வாங்குகிறது. வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பண்ணைகளில் கண்டறிந்து அந்த ஊர்ப் பெயரை வைத்தார்கள். நம் நாட்டில் இமயமலைப் பகுதி ஊரான இராணிக்கெட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. சந்தையில் வாங்கிவந்த புதுக் கோழி, அதை அடைத்துவந்த கூடை, மிதித்த செருப்பு, இவைதான் அதன் முக்கியமான வழிகள். நோயுற்ற கோழியின் எச்சம் விழுந்தால் தண்ணீரும் பரப்பும். ஓடையை விட்டுக் குழாய்த் தண்ணீருக்கு மாறினால் மட்டும் நோய் நிற்காது. முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஆர்.டி.வி.கே. தடுப்பூசி என்பதே காப்பு. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் இதற்கென இலவச முகாம் நடத்துகிறது. புதுக் கோழியை மூன்று வாரம் தனியே அடைத்து வைத்த பிறகே மந்தையில் விட வேண்டும்.

ஓடை இந்த இடத்தில் வேறுவிதமாகக் கெடுக்கும். தடுப்பு மருந்தையோ குடற்புழு மருந்தையோ தண்ணீரில் கலந்து வைத்தால், ஓடைக்குப் போய் வயிறு நிறையக் குடித்துவிட்டு வரும் கோழி அதைத் தொடாது. அன்று காலையில் திறந்துவிடாமல் அடைத்து வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தடுப்பு மருந்து கலக்கும் தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்தின் உயிரே போய்விடும்.

“ஓடையில குடிச்சா பறவைக் காய்ச்சல் வரும்.”

இது எதிர்ப்பக்கத்துப் பயம். 2014இல் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகள் கூட்டமாகச் செத்தது உண்மை. அது வாத்து மேயும், வலசைப் பறவை இறங்கும் தாழ்வான நீர்ப்பரப்பு. செங்குத்தாக இறங்கும் மலை ஓடையில் காட்டு வாத்து தங்குவது அபூர்வம். ஓடை போய்ச் சேரும் ஏரிக்கரையில்தான் அந்த எச்சரிக்கை வேண்டும்.

ஆகவே நாளையே ஓடைக்கு வேலி கட்டு என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் கிடைக்காத கோழி நோயில்லாமலே வாடிப்போகும். முட்டையில் முக்கால் பங்கு நீர்தான். பெட்டைக்கோழிக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் வேண்டும், சித்திரை வெயிலில் அதைப்போல இருமடங்கு. வியர்வைச் சுரப்பி இல்லாத பறவை, வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. வாசலில் வைத்த சட்டி காய்ந்தோ பாசி பிடித்தோ வெயிலில் கொதித்தோ கிடக்கும்போதுதான் பெரும்பாலான கோழிகள் ஓடையைத் தேடுகின்றன. திறந்துவிடும் முன்பே, நிழலில், கோழியின் முதுகு உயரத்துக்குக் கல் அடுக்கி அதன்மேல் மண்சட்டியில் புதுத் தண்ணீர் வையுங்கள். மதியம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். குஞ்சுள்ள தாய்க்கோழியை மட்டும் எட்டு வாரம் வரை கரைப்பக்கம் விடாதீர்கள்.

இத்தனையும் செய்கிற வீடுகளில்கூட ஒரு பழக்கம் விடவில்லை. கழிச்சலில் செத்த கோழியைச் சாக்கில் சுற்றி ஓடையில் எறிவது. கீழே உள்ள நாலைந்து வீட்டுக் கோழிகள் அதே நீரைக் குடிக்கின்றன. செத்ததை ஓடையும் கிணறும் இல்லாத பக்கமாக, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். நாய் தோண்டாமல் இருக்க மேலே பாரக்கல் ஒன்று வைத்துவிடுங்கள்.