பழைய உள்பாவாடையைப் பார்த்துப் புதியது தைப்போம்

வீட்டில் தைத்த உள்பாவாடை சில வருடம் உழைத்துவிட்டு, கடைசியில் கரித்துணியாக அடுப்படிக்குப் போய்ச் சேரும். அப்படிப் போகும் முன் அதைத் தரையில் விரித்து ஒருமுறை நன்றாகப் பாருங்கள் சகோதரிகளே. அடுத்த பாவாடையை எப்படித் தைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும்.

பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் நைந்திருக்கும். இடது பக்கத் திறப்பு முடியும் இடம் கிழிந்திருந்தால் அங்கே ஒட்டு வைக்கவில்லை என்று பொருள். முன்பக்க அடிமடிப்பு பிரிந்திருந்தால் கால்விரல் மாட்டியிருக்கிறது. நீளம் அரை அங்குலம் அதிகம். மூன்றாவது, நாடா ஓடும் பட்டி. அதில் கயிறு பதிந்து பள்ளம் விழுந்திருந்தால் மற்ற இரண்டையும்விட இதைக் கவனியுங்கள். துணியில் விழுந்த அதே பள்ளம் இடுப்பிலும் விழுந்திருக்கும்.

நம் பெண்களில் எத்தனையோ பேருக்கு இடுப்பைச் சுற்றிக் கருப்புத் தழும்பு உண்டு. வெயில் காலத்தில் அரிக்கும், தோல் உரியும். "புடவை கட்டினால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். அரிதாக, வருடக்கணக்கில் ஆறாத புண்ணாகி அது புற்றுநோயாகவும் மாறுவதுண்டு. 2024இல் இந்திய மருத்துவர்கள் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் இப்படிப்பட்ட இரண்டு முதிய பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் இடுப்பில் ஆறாத புண் இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திராமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

ஆகவே புதிய பாவாடையில் முதலில் மாற்ற வேண்டியது நாடா. கடையில் விற்கும் உருண்டைக் கயிறு வேண்டாம். பழைய பாவாடையின் கீழ்ப்பகுதித் துணி துவைத்துத் துவைத்து மிருதுவாக இருக்கும். அதில் மூன்றரை அங்குல அகலத்துக்குத் துண்டுகள் வெட்டி, இணைத்து, ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்தால் ஒன்றரை அங்குல அகலத்தில் தட்டையான நாடா கிடைக்கும். நீளம் இடுப்பளவுக்கு மேல் 20 அங்குலம் இருக்கட்டும். அகலமான நாடா அழுத்தத்தைப் பரப்பிவிடும். கயிறு ஒரே கோட்டில் அறுக்கும். கட்டும் இடத்தையும் அவ்வப்போது சற்று மேலும் கீழுமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி துணி. 36 அங்குல அகலப் பருத்தி பாப்ளின் இரண்டேகால் மீட்டர் வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தித் தேய்த்த பிறகே கத்திரி வையுங்கள். பழைய பாவாடை ஏற்கெனவே சுருங்கி நின்ற துணி. ஊறவைக்காத புதுத்துணியை அதே அளவுக்கு வெட்டினால் முதல் சலவையிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

ஆறு பீஸ் பாவாடை, உயரம் 38, இடுப்பு 34 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். துணியில் 38 அங்குல நீளத்தில் இரண்டு துண்டும், பட்டிக்கு 5 அங்குலத்தில் ஒன்றும் எடுங்கள். நீளத் துண்டு ஒவ்வொன்றின் நடுவிலும் மேலே 9, கீழே 25 அங்குலம் வருமாறு கோடு போட்டு வெட்டினால் அது நடுத்துண்டு. இரு பக்கமும் மிஞ்சுபவற்றைத் தலைகீழாகத் திருப்பினால் மேலே ஐந்தரை, கீழே பதின்மூன்றரை அங்குலத்தில் பக்கத்துண்டுகள் கிடைத்துவிடும். ஒரு சாண் துணிகூட வீணாகாது. ஆறு துண்டும் சேர்ந்து மேலே 40 அங்குலம். ஆறு தையலுக்கும் ஓர் அங்குலம் போனால் 34. இடுப்பு பெரியவர்கள் நடுத்துண்டின் அடியகலத்தில் ஓர் அங்குலம் குறைத்தால் இடுப்பில் இரண்டு அங்குலம் கூடும். பட்டிக்கும் அந்த அளவு ஒட்டுப் போட வேண்டும். துணி அகலத்தில் அரை அங்குலம் சுருங்கியிருந்தால் அதே அடியகலத்தில் அரை அங்குலம் குறையுங்கள், இடுப்பு அளவு மாறாது. நமது தையல் வகுப்பில் முதல் மாதமே பாவாடையை வைத்திருப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். இதைப் புரிந்துகொண்டவர் பிறகு எதையும் வெட்டுவார்.

தைக்கும்போது நடுத்துண்டின் கிராஸ் ஓரத்தோடு பக்கத்துண்டின் நேர் ஓரத்தைச் சேர்க்கவும். கிராஸ் இழுபடும், நேர் ஓரம் அதைப் பிடித்து நிறுத்தும். மேல் முனைகளைச் சமமாகப் பிடித்துக் கீழ்நோக்கித் தையுங்கள். கீழே கிராஸ் ஓரம் முக்கால் அங்குலம் போல நீண்டு நிற்கும். பலர் அதைத் தப்பு என்று நினைத்துப் பிரிக்கிறார்கள். தப்பில்லை, அப்படியே விடுங்கள்.

இடது பக்கத் தையலில் மேலே 8 அங்குலம் தைக்காமல் விட்டு, அது முடியும் இடத்தில் உட்புறம் சிறு துண்டு வைத்துச் சதுரமாக அடித்துவிடுங்கள். கடைப் பாவாடைகள் பலவற்றில் இந்த ஒட்டு இருப்பதில்லை. பட்டியை இரண்டாக மடித்து இரண்டு அங்குலம் நிற்கும்படி வைத்து, நாடாவைக் கோர்த்து, ஓர் இரவு கொடியில் தொங்கவிடுங்கள். கிராஸ் இறங்க வேண்டிய மட்டும் இறங்கிவிடும். மறுநாள் அடியில் நீண்டு நிற்பதைச் சமமாக வெட்டி, ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்துவிடலாம்.