ஜன்னலில் ஒரு டாங்கி

அன்புள்ள மகளுக்கு,

நான் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, "சாமி கும்பிடுகிற இடத்து ஜன்னலில் டாங்கி எதற்குப் பெரியப்பா?" என்று கேட்டாய். நல்ல கேள்வி. போனில் சொன்னால் அரைகுறையாகிவிடும் என்று எழுதுகிறேன்.

அந்த ஜன்னல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில், ஸ்வாஃபம் பிரையர் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஒரே வளாகத்தில் இரண்டு தேவாலயங்கள் அருகருகே நிற்கும் ஊர் அது. அவற்றில் புனித மரியாள் ஆலயத்தில்தான் முதல் உலகப்போரின் நினைவாக அமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் உள்ளன. போர் முடிந்த சூட்டோடு, அவ்வூர் நிலக்கிழார் சார்லஸ் பீட்டர் அலிக்ஸ் அவற்றைச் செய்யச் சொன்னார்.

ஒரு சிற்றூருக்கு நினைவுச்சின்னம் அவ்வளவு முக்கியமா என்று நீ கேட்கலாம். 1915-இல் பிரிட்டிஷ் படை ஒரு தடை போட்டது: களத்தில் இறந்தவர்களின் உடலை ஊருக்கு எடுத்துவரக் கூடாது. ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு இதில் இல்லை. பிரான்சிலோ பெல்ஜியத்திலோ விழுந்தவன் அங்கேயே புதைக்கப்பட்டான். பெற்றவளுக்குப் பூ வைத்து அழ ஒரு மண்மேடுகூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் போருக்குப் பின் ஊருக்கு ஊர் நினைவுத் தூணும் பெயர்ப் பலகையும் ஜன்னலும் எழுந்தன.

அப்படி எழுந்த ஜன்னல்கள் பலவற்றில், கவசம் அணிந்த புனித ஜார்ஜ் டிராகனை ஈட்டியால் குத்திக்கொண்டிருப்பார். பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஊர்ப் பையன்கள் ஈட்டி ஏந்திப் போகவில்லையே! 1916 செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் டாங்கி முதன்முதலாக இறங்கியது. அதற்கு முன்பே, 1915 ஜனவரியில், செப்பலின் ஆகாயக் கப்பல்கள் இங்கிலாந்தின் கிழக்குக் கரை ஊர்களில் குண்டு போட்டிருந்தன. ஸ்வாஃபம் பிரையர் ஜன்னல்களில் டாங்கி இருக்கிறது, செப்பலின் இருக்கிறது, நீர்மூழ்கிக் கப்பலும் பதுங்குகுழியும் இருக்கின்றன. வெடிகுண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களும் இருக்கிறார்கள். படங்களோடு பைபிள் வசனங்களையும் எழுதியிருக்கிறார்கள்.

இப்படி ஒரு ஜன்னலைச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதையும் தெரிந்துகொள். முதலில் ஜன்னல் அளவுக்கே தாளில் படம் வரைவார்கள். கண்ணாடியை உருக்கும்போதே கோபால்ட் சேர்த்தால் நீலம் வரும். வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டால் மஞ்சள். முகத்தின் கோடுகளை, இரும்பு ஆக்சைடும் கண்ணாடித் தூளும் கலந்த மையால் தீட்டி, 600 டிகிரிக்கு மேல் சூளையில் வைப்பார்கள். மை கண்ணாடியோடு உருகி ஒட்டிக்கொள்ளும். மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் போகாது. பிறகு துண்டுகளை ஈயப் பட்டைகளில் கோத்துப் பற்றவைப்பார்கள். பல நூற்றாண்டுகளாகப் புனிதர்களின் முகத்தைத் தீட்டிய அதே கைவேலை, இங்கே டாங்கியின் இரும்புத் தகட்டையும் அதே அக்கறையோடு தீட்டியிருக்கிறது.

என் மனதைத் தொட்டது அந்த அக்கறைதான். பெயரை மட்டும் கல்லில் வெட்டி வைத்தால், இவன் இறந்தான் என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். எதன் முன்னால் நின்றான் என்று தெரியாது. அந்த ஊர் அதை மறைக்கவில்லை. பிள்ளைகளைக் கொன்ற கருவிகளையும், அவை போன்றவற்றைச் செய்த தன் நாட்டுக் கைகளையும், ஞாயிறுதோறும் வந்து உட்காரும் இடத்திலேயே கண்ணெதிரில் வைத்துக்கொண்டது. அதற்குத் துணிவு வேண்டும், கண்ணு.

இனி எந்த நினைவுச்சின்னத்தின் முன் நின்றாலும் இரண்டு கேள்வி கேள்: இது எதைக் காட்டுகிறது? எதைக் காட்டாமல் விட்டிருக்கிறது? வண்ணக் கண்ணாடியை வெளியே தெருவில் நின்று பார்த்தால் கருத்த ஈயக் கோடுகள்தான் தெரியும். உள்ளே போய், வெளிச்சம் வரும் திசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அவசரப்படாமல் நின்று பார்.

அன்புடன்,
பெரியப்பா