உள்ளுறையும் துணை

உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன. மரத்தைப் பற்றிக் கொடி படர்கின்றது. மலரின் தேனை உண்ணும் வண்டு அம்மலரின் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றது. இவை கண்ணாற் காணும் சார்புகள். ஓர் உயிரின் உடலுக்குள்ளேயே மற்றோர் உயிர் குடியிருந்து வாழும் சார்பும் உண்டு. அது கண்ணுக்குப் புலனாகாதது. அதனை உணர்ந்தமையால் மனித இனம் பெற்ற நன்மை பெரிது.

கால் பருத்துத் தோல் தடித்து, நடக்கவும் உழைக்கவும் இயலாமல் வருந்துவோர் முன்னாளில் தமிழகத்தின் பல ஊர்களில் இருந்தனர். யானைக்கால் எனப்படும் அந்நோய் உயிரை உடனே கவர்வதன்று. ஆயினும் மனிதனின் உழைப்பையும் மதிப்பையும் கவர்ந்துவிடும். அதற்குக் காரணம் நூல் போன்ற ஒருவகைப் புழு. வளர்ந்த புழுக்கள் மனித உடலின் நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் தங்கி வாழும். பெண்புழு ஈனும் எண்ணிறந்த இளம்புழுக்கள் குருதியிற் கலந்து, இரவு வேளையில் தோலையடுத்த நுண்குழாய்களுக்கு வரும். அவ்வேளையில் கடிக்கும் கொசு, குருதியோடு அவற்றையும் உறிஞ்சும். அவை கொசுவின் உடலிற் சில நாள் வளர்ந்து, அது வேறொருவரைக் கடிக்கும்போது அவருடைய உடலிற் புகும். இப்புழு கொசுவினுள் வளர்வதைச் சீன நாட்டின் அமோய் நகரில் மருத்துவராயிருந்த பேட்ரிக் மான்சன் 1877-ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். பிற்காலத்தில் மருந்துகளும் தோன்றின. அவை குருதியில் திரியும் இளம்புழுக்களை விரைவில் அழித்தன. தாய்ப்புழுவோ எளிதில் மடியவில்லை. மீண்டும் மீண்டும் ஈன்றுகொண்டே இருந்தது.

யானைக்கால் நோய்க்குத் தொடர்பில்லாதது போல் தோன்றிய ஓர் ஆராய்ச்சி அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. ஹெர்ட்டிக், வோல்பாக் என்னும் அறிஞர் இருவர் பூச்சிகளின் உடலில் வாழும் நுண்ணுயிர்களைத் தேடி ஆராய்ந்தனர். 1924-ஆம் ஆண்டில், வீட்டுக்கொசுவின் கருவுறுப்புகளில் ஒருவகைப் பாக்டீரியா உயிரணுக்களின் உள்ளே குடியிருப்பதைக் கண்டனர். 1936-இல் ஹெர்ட்டிக் தம் நண்பரின் பெயரால் அதற்கு வோல்பாக்கியா என்று பெயரிட்டார். இப்பாக்டீரியா உயிரணுவுக்கு வெளியே தனித்து வாழும் ஆற்றலற்றது. தாயின் முட்டை வழியாகவே அது சேய்க்குச் செல்லும். கொசுவுக்கு அது பெருந்தீங்கு செய்வதாகத் தோன்றவில்லை. ஆதலால் நெடுங்காலம் அதனைப் பெரிதாக எண்ணியவர் சிலரே.

1970-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணைகொண்டு நோய்ப்புழுக்களை ஆராய்ந்தவர்கள், அவற்றின் உடலிலும் பாக்டீரியா போன்ற உருவங்கள் இருப்பதைக் கண்டனர். அவையும் வோல்பாக்கியா இனத்தைச் சேர்ந்தவையே என்பது 1990-களில் தெளிவாயிற்று. புழுவுக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. புழு இருப்பிடமும் உணவும் தருகின்றது. பாக்டீரியா, புழு தானே ஆக்கிக்கொள்ள இயலாத சில பொருள்களை ஆக்கித் தருவதாக அறிஞர் கருதுகின்றனர். புழுவின்றிப் பாக்டீரியா வாழாது. பாக்டீரியாவின்றிப் புழு ஈனாது, நெடுநாள் வாழவும் மாட்டாது.

இதனை உணர்ந்த மருத்துவர்கள் புழுவை விடுத்து, அதன் துணையைத் தாக்க முற்பட்டனர். டாக்சிசைக்ளின் என்பது பாக்டீரியாவை ஒடுக்கும் மருந்து. ஆற்றுக்குருடு என்னும் நோயைத் தரும் புழுவும் இவ்வினத்தைச் சார்ந்ததே. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் அந்நோயுற்றோர்க்கு ஆறு வாரம் இம்மருந்தைக் கொடுத்தபோது, பெண்புழுக்கள் ஈனும் ஆற்றலை இழந்தன. இச்செய்தி 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தான்சானியா நாட்டில் யானைக்கால் புழு உடையோர்க்கு எட்டு வாரம் கொடுத்தபோது, பெரும்பாலோர் உடலில் வளர்ந்த புழுக்களே மடிந்தன. இது 2005-இல் வெளியாயிற்று. ஆயினும் இம்மருந்தைப் பல வாரம் தவறாது உண்ணல் வேண்டும். கருவுற்ற பெண்டிர்க்கும் சிறு குழந்தைகட்கும் இது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. ஆகவே ஊரார் அனைவருக்கும் ஒருசேர வழங்குதற்கு இஃது ஏற்றதன்று. மருத்துவர் ஆராய்ந்தே அளித்தற்குரியது.

வோல்பாக்கியாவின் பயன் இத்துடன் முடியவில்லை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி என்னும் கொசுவில் இயற்கையாக இது காணப்படுவதில்லை. அறிஞர்கள் பழ ஈயிலிருந்து இதனை எடுத்து, நுண்ணிய ஊசியால் அக்கொசுவின் முட்டைகளிற் செலுத்தினர். இதனைப் பெற்ற கொசுவின் உடலில் டெங்கு வைரசு நன்கு பெருகுவதில்லை. மேலும், வோல்பாக்கியா உடைய ஆண்கொசு, அஃதில்லாப் பெண்ணுடன் கூடினால் முட்டைகள் பொரிவதில்லை. அஃதுடைய பெண்ணின் முட்டைகளோ எவ்வகை ஆணுடன் கூடினும் பொரிகின்றன. இதனால் தலைமுறை தோறும் அது கொசுக்களிடையே பரவுகின்றது. கொசு கடிப்பதால் மனிதரை அது பற்றுவதில்லை.

இத்தகைய கொசுக்கள் 2011-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரை அடுத்த பகுதிகளில் முதன்முதலாகப் பறக்கவிடப்பட்டன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில், அவை விடப்பட்ட பகுதிகளில் டெங்குக் காய்ச்சல் 77 விழுக்காடு குறைந்தது என்று 2021-இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. புதுச்சேரியில் உள்ள நோய்பரப்பி உயிரிகள் ஆராய்ச்சி மையமும் வோல்பாக்கியா உடைய கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-இல் அறிவித்தது.

நோய்ப்புழுவிலிருந்து அகற்றியபோது அப்பாக்டீரியாவின் பிரிவு நமக்கு நலம் தந்தது. கொசுவினுட் புகுத்தியபோது அதன் சேர்க்கை நலம் தந்தது. ஒரே உயிர் ஓரிடத்தில் அகற்றற்குரியதாகவும் மற்றோரிடத்தில் சேர்த்தற்குரியதாகவும் நின்றது. எந்த உயிர் எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதை முதலில் ஆராய்ந்து அறிந்தமையாலேயே இவ்விரு வழிகளும் புலப்பட்டன. கொசுவின் வயிற்றில் அன்று இருவர் கண்ட சிற்றுயிர், முக்கால் நூற்றாண்டு கழிந்தபின் நோயாளரின் துயர் துடைக்க உதவியது. உண்மையை அறியும் பொருட்டுச் செய்யும் ஆராய்ச்சி ஒருநாள் பயன் தராமற் போவதில்லை என்பதற்கு இதுவே சான்றாகும்.