திரையினின்று அலமாரிக்கு

எதைப் பார்க்க வேண்டும், அதற்கு அடுத்தாற்போல் எதைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம், நாம் முன்பு எதன்மேல் விரலை நிறுத்தினோம் என்ற கணக்கைக் கொண்டே ஓர் இயந்திரம் நிச்சயித்து அனுப்பிக்கொண்டிருக்கும் நிலைமையிலிருந்து விடுபட விரும்புகிறவர், கைப்பேசியை அடியோடு துறப்பதாகச் சங்கல்பம் செய்ய வேண்டியதில்லை. பரிந்துரை வரும் வழியை முதலில் அடைத்து, அதனால் ஓய்கிற நேரத்துக்கு வேறு உபயோகத்தையும் அன்றைக்கே ஏற்பாடு செய்துவிட்டால் போதும்.

யூடியூபில், பார்த்தவற்றின் வரலாற்றைப் பதிவு செய்வதை நிறுத்திப் பழைய பதிவையும் அழித்துவிட்டால், முகப்பு வெறுமையாகிவிடும். தேடினால்தான் எதுவும் கிடைக்கும். அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியையும், அறிவிப்புகளையும் அப்போதே நிறுத்திவிடுங்கள்.

பின்பு செய்ய வேண்டியதும் பிரதானமானதும் நூலகத்தில் சேர்வது. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகி, அதைக் கொண்டு நடக்கும் கிளை நூலகங்கள் நமக்கு உண்டு. முகவரிச் சான்றைக் காட்டி, சிறு காப்புத் தொகையும் சந்தாவும் கட்டி உறுப்பினராகுங்கள். அங்கே போய், ஒரு புத்தகத்தின் பெயரை மாத்திரம் சொல்லி வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாகாது. அலமாரியின் முன் சாவதானமாக நின்று, தேடிவந்த நூலுக்கு இடமும் வலமும் உள்ளவற்றை எடுத்து, முன்னுரையில் சிறிதும் நடுவில் ஒரு பக்கமும் படித்துப் பாருங்கள். வாசகர் தாமே அலமாரியை அணுகும் திறந்த முறைக்காக, 1931-இல் வெளியான, நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய தமது நூலில் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அத்தனை தூரம் வாதாடியதன் காரணம் அப்போது பிரத்தியட்சமாக விளங்கும். பொருள்வாரியாக அடுக்கிய அலமாரிக்கு, வந்து நிற்பவர் யார், நேற்று என்ன படித்தார் என்பது தெரியாது. ஆதலால் சோழர் வரலாற்றைத் தேடிப் போனவருக்கு, அவர் மனத்திலேயே இராத செப்பேட்டு ஆராய்ச்சி ஒன்றும் கைக்கு எட்டுகிறது. வாசிப்பில் இதைக் காட்டிலும் பெரிய சுதந்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எடுத்துவரும் நூல்களில் ஒன்றேனும் நீங்கள் கேள்விப்பட்டிராத ஆசிரியருடையதாக இருக்கட்டும்.

சங்கீதத்துக்கு ஒரு சிறு வானொலிப் பெட்டி போதும். அகில இந்திய வானொலியின், 1938-இல் தொடங்கிய சென்னை நிலையத்தை மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸில் தேடுங்கள். உள்ளே அலைவாங்கியாக இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை முக்கியமாதலால், பெட்டியை ஜன்னலோரம் வைத்து மெல்லத் திருப்பினால், இரைச்சல் தணிந்து குரல் தெளியும் கோணம் அகப்படும். இரைச்சலைக் கூட்டும் எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் அருகில் வேண்டாம். முதலில் ருசிக்காத கச்சேரியையும் முடியும் வரை கேளுங்கள். முன்பு அறியாத ராகம் ஒன்று மனத்தைப் பற்றினால், அறிவிப்பாளர் பெயர் சொல்லும்போது குறித்துக்கொண்டு, அடுத்த முறை நூலகத்தில் இசைப் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.