சூட்டுக்கு வழி விடுங்கள்

வீட்டில் கஞ்சி காய்ச்சுகிறோம். கொதிக்கக் கொதிக்க இறக்குகிறோம். குழந்தை பசியில் அழுகிறது. கஞ்சி சீக்கிரம் ஆற வேண்டும். என்ன செய்கிறோம்?

குண்டானிலேயே மூடி வைப்போமா? மாட்டோம். அகலமான தட்டில் ஊற்றுகிறோம். பரப்புகிறோம். விசிறியால் விசிறுகிறோம். கஞ்சி ஆறிவிடுகிறது.

இதை நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. அனுபவத்தில் தெரிந்துகொண்டோம். கம்ப்யூட்டரையும் செல்போனையும் காப்பாற்ற இதே அறிவுதான் வேண்டும். எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

அடுப்பு இல்லாமல் சூடு

இன்று பல ஊர்களில் சேவை மையங்கள் இருக்கின்றன. ஒரு சிறிய அறை. ஒரு மேசை. ஒரு கம்ப்யூட்டர். சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, உதவித்தொகை மனு என்று எல்லாம் அங்கே பதிவாகின்றன. 2014-ஆம் ஆண்டு முதல் ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்றைக் கம்ப்யூட்டர் வழியாகவும் தருகிறார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் கையை நீட்டிப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்று வரும். உள்ளே அடுப்பு இல்லையே, சூடு எங்கிருந்து வருகிறது?

மின்சாரத்திலிருந்து வருகிறது. கம்ப்யூட்டர் மின்சாரத்தை வாங்கிக் கணக்குப் போடுகிறது. எழுத்தைக் காட்டுகிறது. வேலை முடிந்ததும் அந்த மின்சாரம் காணாமல் போவதில்லை. ஏறக்குறைய முழுவதும் சூடாக மாறிவிடுகிறது.

பழைய குண்டு பல்பு நினைவிருக்கிறதா? 60 வாட் பல்பைத் தொட்டால் கை சுட்டுவிடும். ஒரு சாதாரண மேசைக் கம்ப்யூட்டரும் வேலை மும்முரத்தில் 60 வாட், 100 வாட் என்று மின்சாரம் இழுக்கும். எரிகிற குண்டு பல்பை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவோமா? சாத்த மாட்டோம். ஆனால் கம்ப்யூட்டரை அப்படி வைக்கிறோம். தூசி படாமல் இருக்கத் துணியும் போர்த்துகிறோம்.

ஓட்டைக் குடம்

கம்ப்யூட்டருக்குள் ஒரு பாகம் இருக்கிறது. அதன் பெயர் நினைவகம். கடைக்காரர்கள் 'ராம்' என்பார்கள். மேசைக் கம்ப்யூட்டரில் அது ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய அட்டை. அதன்மேல் கறுப்புச் சில்லுகள் வரிசையாகப் பதிந்திருக்கும்.

நீங்கள் சொல்லும் பெயர், வயது, முகவரி எல்லாம் முதலில் இந்த நினைவகத்தில்தான் வந்து உட்காரும். வேலை நடக்கும்வரை அங்கே இருக்கும்.

நினைவகத்துக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் துளி மின்சாரம் நிற்கும். துளி இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் சுழி. இந்த இரண்டையும் வைத்துத்தான் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறது. இந்த வகை நினைவகத்துக்கு வழி கண்டவர் ராபர்ட் டென்னார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1968-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இந்த அறைகளில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொன்றும் ஓட்டைக் குடம். மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே குடம் காலியாகும் முன் மீண்டும் நிரப்ப வேண்டும். கம்ப்யூட்டர் இந்த வேலையை விடாமல் செய்கிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போடுங்கள். அதில் 64 பங்கு நேரத்துக்குள் எல்லா அறைகளையும் ஒரு சுற்று நிரப்பிவிடும். அதாவது நொடிக்குச் சுமார் 16 சுற்று!

சூடு ஏறினால் ஓட்டை பெரிதானது போல ஆகிவிடும். மின்சாரம் வேகமாகக் கசியும். நினைவகச் சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு வேகமாக நிரப்ப வேண்டும் என்பது விதி. நிரப்புவதற்குள் கசிந்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்று சுழியாகிவிடும். எழுதியது மாறிவிடும். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். 'ஹேங் ஆகிவிட்டது' என்று சொல்கிறோமே, அதுதான்.

எல்லா ஹேங்குக்கும் சூடு காரணம் அல்ல. வேறு கோளாறும் இருக்கலாம். ஆனால் காலையில் நன்றாக ஓடி, மதிய வெயிலில் மட்டும் அடிக்கடி நிற்கிறதா? அப்போது முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள்.

கம்ப்யூட்டர் நின்றால் யாருக்கு நஷ்டம்? மனு போடக் கடைசி நாள். கூலி வேலையை விட்டுவிட்டு ஒருவர் வரிசையில் நிற்கிறார். "நாளைக்கு வாங்க" என்று பதில் வருகிறது. அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. மனுவும் போயிற்று. கடை நடத்துபவருக்கு அன்றைய வருமானம் போயிற்று.

பக்கத்து வீட்டுப் புகை

நினைவகம் தானாக உண்டாக்கும் சூடு குறைவு. ஓர் அட்டைக்குச் சில வாட்தான். பிறகு ஏன் அது சூடாகிறது?

நெருக்கமான தெருவில் நம் வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் புகை நம் வீட்டுக்குள் வரும் அல்லவா? அதே கதைதான். நினைவகத்தின் பக்கத்திலேயே ப்ராசஸர் இருக்கிறது. கணக்குப் போடும் பாகம் அதுதான். அது அதிகச் சூட்டைக் கக்கும். நினைவக அட்டைகளும் ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் நிற்கும். நடுவில் காற்றுப் போக விரல் நுழையும் இடம்கூட இருக்காது.

மடிக் கம்ப்யூட்டரில் இடம் இன்னும் குறைவு. அதில் நினைவக அட்டை 7 சென்டிமீட்டர்கூட இருக்காது. செல்போனில் நெருக்கடி அதைவிட அதிகம். பல செல்போன்களில் ப்ராசஸரின் தலைமேலேயே நினைவகச் சில்லை அடுக்கியிருக்கிறார்கள். விசிறி வைக்க இடமே இல்லை.

சூடு வெளியேறும் பாதை

குறுகிய இடத்திலிருந்து சூட்டை எப்படி வெளியே அனுப்புகிறார்கள்? மூன்று படிகள்.

முதல் படி: சூட்டைப் பரப்புவது. ப்ராசஸரின் மேல் அலுமினியத் துண்டு ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதில் சீப்பின் பற்கள் போல மெல்லிய தகடுகள் நிற்கும். இதற்கு ஹீட் சிங்க் என்று பெயர். சிலவற்றில் செம்பும் இருக்கும். கஞ்சியைத் தட்டில் பரப்பினோமே, அதே வேலையை இது செய்கிறது. தகடு கூடக் கூடக் காற்று படும் பரப்பும் கூடும். அதிகச் சூடு வரும் சில நினைவக அட்டைகளுக்கும் இப்படி அலுமினிய உறை போடுகிறார்கள்.

இரண்டாம் படி: இடைவெளியை அடைப்பது. ப்ராசஸரும் ஹீட் சிங்க்கும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். ஆனால் நடுவில் நுண்ணிய மேடு பள்ளம் உண்டு. அதில் காற்று தங்கும். தங்கி நிற்கும் காற்று சூட்டை எளிதில் விடாது. கம்பளிக்குள் தங்கும் காற்றுதான் நம் உடல் சூட்டைக் காக்கிறது. அலுமினியமோ காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே நடுவில் ஒரு பசையைத் தடவிக் காற்றை விரட்டுகிறார்கள். பல வருடம் ஆனால் இந்தப் பசை காய்ந்துபோகும். பழுது பார்ப்பவரிடம் சொல்லி மாற்றலாம்.

மூன்றாம் படி: காற்றை ஓட விடுவது. விசிறி சூடான காற்றை வெளியே தள்ளும். புதுக் காற்று உள்ளே வரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விசிறி குளிரை உண்டாக்குவது இல்லை. காற்றை நகர்த்துகிறது. அவ்வளவுதான். அலமாரிக் கதவைச் சாத்திவிட்டால் வெளியே தள்ளிய சூடான காற்றே மீண்டும் உள்ளே வரும். விசிறி சுற்றும், சூடு குறையாது.

இன்னொன்றும் உண்டு. அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகக் கருவியை விசிறியால் ஆக்க முடியாது. 2016-ஆம் ஆண்டு மே 19 அன்று ராஜஸ்தான் மாநிலம் பலோடி என்ற ஊரில் 51 டிகிரி வெயில் பதிவானது. அப்படிப்பட்ட நாளில் கருவியின் சூடு அதற்கும் மேலேதான் இருக்கும். ஆகவே வெயில் காலத்தில் இரண்டு பங்கு கவனம் வேண்டும்.

செல்போனும் பல்பும்

விசிறி இல்லாத செல்போன் என்ன செய்கிறது? உள்ளே இருக்கும் மெல்லிய தகடு சூட்டை முதுகுப்பக்கமும் திரைப்பக்கமும் பரப்புகிறது. அதனால்தான் போன் கையில் சுடுகிறது. சூடு மீறினால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். பழுது என்று பயப்பட வேண்டாம். ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம்.

தலையணைக்கு அடியில் போனை வைத்துச் சார்ஜ் போட்டால் சூடு எங்கே போகும்? பஞ்சு அதை வெளியே விடாது. பேட்டரி கெடும். உப்பும். தீப்பிடிக்கவும் கூடும். இரவில் தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் அந்த ஆபத்து வேண்டாம்.

எல்.இ.டி. பல்பும் இப்படித்தான். 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியாக 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் மக்களுக்குச் சென்றன. அந்தப் பல்பின் கழுத்துக்குள் சிறிய மின்சுற்று ஒன்று அடைந்திருக்கிறது. காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் பல்பை மாட்டினால் அது சீக்கிரம் போய்விடும். மின்சுற்றில் கெப்பாசிட்டர் என்ற பாகம் உண்டு. 10 டிகிரி சூடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். இது இத்தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

காசில்லாமல் செய்யக்கூடியவை

1. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். பக்கங்களில் நாலு விரல் இடம் விடுங்கள்.

2. ஓடும்போது துணி போர்த்தாதீர்கள். நிறுத்தி, சூடு ஆறிய பிறகு போர்த்தலாம்.

3. தரையில் வைக்காதீர்கள். தரைத் தூசி முழுவதும் உள்ளே போகும். சிறிய முக்காலிமேல் வையுங்கள்.

4. மாதம் ஒரு முறை காற்றுத் துளைகளில் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அதற்கு முன் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள்.

5. மடிக் கம்ப்யூட்டரை மெத்தைமேல் வைக்காதீர்கள். பலகைமேல் வையுங்கள்.

6. போனை வெயிலில் வைக்காதீர்கள். சுட்டால் உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

செய்யக் கூடாதவை

மின்சாரம் வந்து சேரும் இரும்புப் பெட்டியை நாமே திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கு ஆபத்து.

சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜும் போடக் கூடாது. கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு டம்ளர் எடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றைக் கனத்த துணியால் சுற்றி மூடுங்கள். மற்றதைத் திறந்து வையுங்கள். கால் மணி நேரம் கழித்து இரண்டு நீரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறது? ஏன்?

ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கம்ப்யூட்டரின் பின்பக்க விசிறித் துளை அருகே பிடியுங்கள். காகிதம் பறக்கிறதா? பறந்தால் பாதை திறந்திருக்கிறது. அசையாவிட்டால் தூசி அடைத்திருக்கலாம். விசிறி நின்றிருக்கலாம். பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

சிந்தியுங்கள், எழுதுங்கள்

1. நினைவகத்தை ஓட்டைக் குடம் என்று ஏன் சொல்கிறோம்?

2. ஹீட் சிங்க்கில் தகடுகள் ஏன் சீப்பு போல இருக்கின்றன?

3. மூடிய அலமாரியில் விசிறி சுற்றினாலும் சூடு ஏன் குறைவதில்லை?

4. உங்கள் வீட்டில் போன் எங்கே சார்ஜ் ஆகிறது? அந்த இடம் சரியானதா?

நான்காவது கேள்விக்கு விடை இந்தப் புத்தகத்தில் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிறது. இன்று இரவு படுக்கும் முன் போய்ப் பாருங்கள்.