பாட்டியின் மாத்திரைப் பை: 8 மருந்து, 28 ஜோடி

தினமும் 5 அல்லது அதுக்கு மேல மருந்து எடுப்பதை மருத்துவத்துல ‘பாலிஃபார்மசி’ என்பார்கள். நம்ம வீட்டுப் பெரியவங்க பலர் இந்த எண்ணைத் தாண்டியிருப்பாங்க. அதிக மருந்து என்பதே தப்பில்லை. சுகர், பி.பி., இதயக் கோளாறு மூணும் இருந்தா அத்தனையும் தேவைப்படலாம். ஆனா அந்த மொத்த மாத்திரையையும் ஒரே ஆள் பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு பாட்டி என்று வச்சுக்குவோம். கற்பனைதான், ஆனா உங்க தெருவிலும் இருப்பாங்க. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலமா சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருது. ஆம்பூர் ஷூ கம்பெனியில வேலை பார்க்கிற மகன் கூட்டிட்டுப் போன டாக்டர் தந்த சீட்டு ஒண்ணு. வேலூர்ல இதயத்துக்குக் காட்டின சீட்டு இன்னொண்ணு. முட்டிவலிக்கு மெடிக்கல்ல சீட்டே இல்லாம வாங்கினது தனி.

நமக்குத் தெரிஞ்ச n(n-1)/2 கணக்கைப் போட்டுப் பாருங்க. 5 மருந்துக்கு 10 ஜோடி, 8-க்கு 28, 10-க்கு 45. எல்லா ஜோடியும் மோதாது. ஆனா மோதுமா என்று பார்க்க வேண்டியது அத்தனை.

முதல் ஆபத்து, ஒரே மருந்து ரெண்டு பேர்ல வருவது. அரசு மாத்திரையில மெட்ஃபார்மின். தனியார் டாக்டர் எழுதின கூட்டு மாத்திரையிலும் மெட்ஃபார்மின், கூடவே கிளிமிபிரைடு. அட்டையோட நிறம் வேற, பேர் வேற, அதனால பாட்டி ரெண்டையும் போடுவாங்க. சுகர் ரொம்ப இறங்கினா பேச்சு குழறும், தடுமாற்றம் வரும். வீட்டுல “வயசாயிடுச்சு, உளறுறாங்க” என்று விட்டுடுவோம்.

ரெண்டாவது, பக்கவிளைவைப் புது நோய் என்று நினைப்பது. பி.பி.க்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். அதுக்கு நீர் பிரியும் மாத்திரை சேரும். ராத்திரி நாலு தடவை எழுந்து போய் வழுக்கி விழுந்தா எலும்பு மருத்துவர்கிட்ட அஞ்சாவது சீட்டு!

மூணாவது நம்ம ஆளுங்களுக்குச் சட்டுனு புரியும். சிறுநீரகத்தை ஒரு ஃபில்டர் என்று வைங்க. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்கும். எனலாப்ரில் வெளியே போகும் குழாயை விரிக்கும். நீர் பிரியும் மாத்திரை மொத்தத் திரவத்தையே குறைக்கும். மூணும் சேர்ந்தா ஃபில்டர்ல பிரஷர் எங்கிருந்து வரும்? இதோட வேலூர் மே மாச வெயில்ல தண்ணியும் குடிக்காம இருந்தா சிறுநீரகம் சில நாள்லயே பழுதாகலாம். தோல் ஷாப்புல வருஷக்கணக்கா குனிஞ்சு வேலை செஞ்சவங்க வீட்டுல வலி மாத்திரை இல்லாத நாள் கிடையாது என்பதால இதைத்தான் நான் அதிகம் பயப்படுறேன்.

இந்த வாரம் ஊருக்குப் போறப்ப எல்லா அட்டையையும் கட்டில் மேல கொட்டுங்க. பெரிய எழுத்துல இருக்கிற கம்பெனிப் பேரை விடுங்க, கீழே சின்னதா இருக்கிற மருந்தின் பேரையும் மில்லிகிராமையும் எழுதுங்க. யார் தந்தது, எப்போ போடுறது, எதுக்கு என்பதும் வேணும். ‘எதுக்கு’ன்னு தெரியாததுக்குப் பக்கத்துல கேள்விக்குறி. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. அடினோலால் மாதிரி மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா இதயத்துக்கே ஆபத்து. பட்டியலை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கிட்டயோ வழக்கமா பார்க்கிறவர்கிட்டயோ காட்டி, “இதுல எதைக் குறைக்கலாம்?”னு கேளுங்க. மெடிக்கல்ல வாங்கின முட்டிவலி மாத்திரையும் அதுல இருக்கணும். பாட்டி அதை மருந்துக் கணக்குலயே சேர்க்க மாட்டாங்க.