மார்கழியில் மலைக்குக் கிளம்பும் பழைய பைக்

முதுகுளத்தூரில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அங்கே போய் கார்பரேட்டருக்குள் பனிக்கட்டி உறையும் என்று சொன்னால் பட்டறைக்காரர் சிரிப்பார். சிரிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் அரையாண்டு லீவு, பொங்கல் லீவு வந்துவிட்டால் அவர் சர்வீஸ் செய்த அதே வண்டிகள்தான் பரமக்குடி, மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குக் கிளம்புகின்றன. சமவெளியிலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு, ஒரே நாளில். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். போதாக்குறைக்கு மூடுபனி.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு விற்ற பைக்குகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய ஸ்பிளெண்டர், ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கார்பரேட்டரில் அந்த வேலையைப் பெட்ரோல் செய்கிறது. காற்று குறுகிய கழுத்துக்குள் வேகமாகப் பாயும்போது அழுத்தம் குறைந்து கொஞ்சம் குளிரும். அதில் பெட்ரோல் ஆவியாகும்போது இன்னும் குளிரும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை இழுக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது உள்ளே படிந்து உறைகிறது. காற்று வரும் வழி சுருங்குகிறது.

விமானிகளுக்கு இது பழைய எதிரி. விமானக் கார்பரேட்டருக்குள் வெப்பநிலை 33 டிகிரிக்கு மேல்கூடச் சரியலாம் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு. வெளியே 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே இருந்தால் உறைவதற்கு வாய்ப்பு மிக அதிகமாம். அந்தக் கணக்கில் முதுகுளத்தூர் மார்கழி அதிகாலையே எல்லைக்கோட்டில் நிற்கிறது! பைக்கில் கார்பரேட்டர் சூடான சிலிண்டரை ஒட்டியே இருப்பதால்தான் தப்பிக்கிறோம்.

மலையில் அந்தச் சூடு போதாமல் போகலாம். ஏறும்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும், பயமில்லை. விடியற்காலை இறக்கம்தான் ஆபத்து. ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும், எஞ்சின் ஆறிக்கொண்டே வரும், எதிரே ஈரக்காற்று. முதலில் பிக்கப் குறையும், பிறகு ஐடிலிங் நிற்காது, கடைசியில் வண்டி ஆஃப். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்களுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. பல பழைய வண்டிகளில் ஹெட்லைட் எஞ்சின் சுற்றினால்தான் எரியும். மூடுபனிக்குள் எஞ்சினும் விளக்கும் சேர்ந்து போனால் எதிரே வரும் பஸ் டிரைவர் கண்ணுக்கு வண்டியே தெரியாது.

ஆகவே இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே வர வேண்டும். கிளட்சைப் பிடித்தபடி வரக் கூடாது. நேரான இடங்களில் அவ்வப்போது லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் ஆறாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் சூடேற விட்டு, சோக்கை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். முடிந்தால் வெயில் வந்து பனி விலகிய பிறகு இறங்குவது நல்லது. ஒரு டீக்கு ஆகும் நேரம்தான்.

வண்டி நின்றேவிட்டால்? ஓரங்கட்டி, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். எஞ்சின் சூடு பின்னால் ஏறிப் பனியை உருக்கிவிடும். ஒன்றுமே நடக்காதது போல் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். கோளாறு பனிதான் என்பதற்கு அதுவே பெரிய அடையாளம். உடனே பிளக்கைக் கழற்றி ஜெட்டைத் திருகத் தொடங்கினால் நல்ல கார்பரேட்டரைக் கெடுத்ததுதான் மிச்சம். பேப்பர் கொளுத்திச் சூடு காட்டுவது வேண்டவே வேண்டாம், மேலே இருப்பது பெட்ரோல் டேங்க்.

பத்து நிமிடம் கழிந்தும் அடைப்பு விலகாவிட்டால் சந்தேகம் வேறு தண்ணீர் மேல் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் நனைந்த வண்டிகளில், டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கியிருக்கும். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். முதுகுளத்தூரிலேயே வண்டி இழுக்காமல் திணறுகிறது என்றால் காரணம் பனி அல்ல, அநேகமாக இதுதான்.

கிளம்புவதற்கு முதல் நாளே, எஞ்சின் ஆறியிருக்கும்போது, பெட்ரோல் காக்கை மூடிவிட்டு கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள டிரெயின் ஸ்குருவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. அடியில் முத்து முத்தாகவோ தனி அடுக்காகவோ தண்ணீர் தெரிந்தால் டேங்கையும் கழுவி, மூடி ரப்பரை மாற்ற வேண்டும். தெரியாவிட்டால் ஸ்குருவை இறுக்கி, காக்கைத் திறந்து, கசிவு இல்லையென்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.